கத்திரி வெயிலில் மாடு, எருமை, கோழி: மத்தியானத்தைக் கடத்துவது எப்படி

மத்தியானம் இரண்டு மணிக்கு மாட்டுக்குப் பின்பக்கமாகப் போய் நில்லுங்கள். தொட வேண்டாம்; தொட்டால் திரும்பிப் பார்க்கும், மூச்சு மாறிவிடும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதையே பாருங்கள். ஒரு தரம் உப்பி அமுங்கினால் ஒரு மூச்சு. போனில் நேரம் வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். 30, 40 என்றால் பேசாமல் போய்ப் படுக்கலாம். 60-ஐத் தாண்டினால் உடம்பில் சூடு தங்க ஆரம்பித்துவிட்டது. 90 என்றால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்குங்கள். வாயைப் பிளந்து, நாக்கு வெளியே தொங்கி, எச்சில் நூல் நூலாக ஒழுகுகிறது என்றால் எண்ணிக்கொண்டு நிற்க நேரமே இல்லை. அதற்கு என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகிற சாலையில், பரதராமிக்குப் பக்கம். மேற்கே நாலு எட்டு வைத்தால் ஆந்திரா. 'மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு' என்று வேலூரைச் சொல்வார்களே, அந்த மலைகளின் வரிசைதான் எங்கள் முதுகுப் பக்கம். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை ராத்திரி பத்து மணி வரை அதைக் கக்கிக்கொண்டிருக்கும். மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்தால் மாசக் கடைசி வரை இதே கதைதான். என்னிடம் இப்போது மூன்று கலப்பினக் கறவை, ஒரு எருமை, ஆறு ஆடு, பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி, கூப்பிடாமலே வந்து சேர்ந்த ஒரு நாய்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மே மாதத்தில் சித்தூரில் ஒரு கல்யாணம். பதினோரு மணிக்குக் கிளம்பும்போது, திரும்ப நேரமாகுமே என்று புண்ணாக்கும் தவிடும் தாராளமாகக் கரைத்து வைத்து, வைக்கோலும் போட்டு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டாயில் கட்டிவிட்டுப் போனேன். வெயில் படாமல் நிழலில்தானே கட்டினோம் என்று எனக்கு நிம்மதி. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் கறுப்பு வெள்ளை மாடு நான்கு காலையும் அகட்டி நின்றுகொண்டிருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் கைவைத்துப் பார்த்தால் குளிப்பதற்குக் காய்ச்சிய வெந்நீர். டாக்டர் வந்து தெர்மாமீட்டர் வைத்தார். 107 டிகிரி பாரன்ஹீட். மாட்டுக்கு 101, 102 இருந்தால் அது சுகம், செல்சியஸில் 38.5 சுமாருக்கு.

தண்ணீர் ஊற்றி ஊற்றி மாடு பிழைத்தது. 11 லிட்டர் கறந்தது 4 லிட்டருக்கு வந்து, அப்புறம் ஏறவே இல்லை. அந்த டாக்டர் கை கழுவும்போது ஒரு கேள்வி கேட்டார்: "கயித்த அவுத்து விட்டிருந்தா இது எங்கம்மா போயிருக்கும்?" யோசிக்கவே தேவையில்லை. ஏரிக்கால்வாய் ஓரம் ஒரு புங்கமரம் இருக்கிறது, அங்கே போயிருக்கும். வெயில் தாழ்ந்த பிறகு மேய்ந்திருக்கும். தாகம் எடுத்தால் கசிவுத் தண்ணீருக்குப் போயிருக்கும். "அப்ப அதுக்கு தெரிஞ்சிருக்கு, இல்ல?" என்றார்.

அன்றிலிருந்து எனக்குக் கோடைப் பராமரிப்பு என்றால் இந்த ஒரே கணக்குதான். கயிறு போட்டுக் கட்டினதால் அந்த உயிர் எதெல்லாம் செய்ய முடியாமல் போச்சோ, அதையெல்லாம் நாம் அதன் காலடிக்குக் கொண்டுவர வேண்டும்.

வயிற்றுக்குள் இருக்கிற அடுப்பு

சூடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மாட்டின் பெருவயிறு ஒரு பெரிய புளிப்புப் பானை. அதில் தீனி நொதிக்கும்போது சூடு கிளம்பும். மார்கழிக் குளிரில் மாடு அசராமல் நிற்பது இந்தச் சூட்டால்தான். சித்திரையில் அதே சூடு எதிரி. தின்ற உடனே இல்லை, சில மணி நேரம் கழித்துத்தான் அது உச்சத்துக்குப் போகும். நான் பதினோரு மணிக்கு வைத்த தீனி மூன்று மணி வெயிலோடு கைகோர்த்துக்கொண்டது. நிறையப் பால் கறக்கிற மாட்டுக்கு உள்ளே வேலை அதிகம், சூடும் அதிகம். அதனால்தான் கறவை வற்றிய மாடு சும்மா நிற்கிற இடத்தில் நல்ல கறவை மாடு மூச்சிரைக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் தீனி நேரம்: விடியற்காலை நாலரைக்குப் பசும்புல், பால் கறக்கும்போது கொஞ்சம் தவிடு. ஒன்பது மணிக்கு மேல் சாயங்காலம் வரை கையளவு பசுந்தீவனம் தவிர வேறு கிடையாது. ராத்திரி எட்டு மணிக்குத்தான் வைக்கோல், சோளத்தட்டு எல்லாம். நார் மிகுந்த காய்ந்த தீனிதான் வயிற்றில் அதிகச் சூடு கிளப்பும், அதனால் அது ராத்திரிக்கு. மாடு பட்டினி கிடக்கிறதே என்று முதல் வாரம் மனசு அடித்துக்கொண்டது. கயிறில்லாத மாடு கோடையில் ராத்திரிதான் மேயும் என்று பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன். தாது உப்பு 50 கிராம் தவிட்டோடு தினமும். வியர்வையிலும் எச்சிலிலும் உப்புச் சத்து போய்க்கொண்டே இருக்கும், அதைத் திருப்பித் தர வேண்டும்.

தண்ணீர்க் கணக்கைக் குறைத்துப் போடாதீர்கள். 10 லிட்டர் கறக்கிற மாடு மே மாதத்தில் நாளைக்கு 80 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கிறது என்பது என் தொட்டிக் கணக்கு. பாலில் பெரும்பங்கு தண்ணீர்தானே. மூன்று வேளை குடம் காட்டுவது கட்டிப் போட்ட மாட்டுக்குப் போதாது. முகத்துக்கு எதிரே எந்நேரமும் இருக்க வேண்டும். சிமெண்டுத் தொட்டியை நிழலுக்குள் நகர்த்துங்கள். கறுப்பு பிளாஸ்டிக் டிரம்மை வெயிலில் வைத்து, வெந்து போன தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கினால், 'தாகமில்லை போல' என்று நினைக்காதீர்கள்.

தொட்டியில் தேனீ வந்து உட்காரும். விரட்ட வேண்டாம். அவை குடிக்க மட்டும் வரவில்லை. கூட்டுக்குக் கொண்டுபோய் அடையில் தண்ணீரைத் தடவி, வரிசையாக நின்று சிறகால் விசிறி, புழுக்கள் இருக்கிற பகுதியை 35 டிகிரி அளவிலேயே வைத்திருக்கும். அடுத்து நான் சொல்லப்போகிற வேலையை அவை நமக்கு முன்னாலிருந்தே செய்கின்றன.

நனைப்பது ஒரு வேலை, காயவிடுவது இன்னொரு வேலை

உடம்பை விட வெளிக்காற்று குளிர்ச்சியாக இருக்கிற வரைக்கும் மாடு சும்மா நின்றாலே சூடு வெளியே போகும்: காற்று அள்ளிக்கொண்டு போகும், ஈரத் தரையில் படுத்தால் தரை வாங்கிக்கொள்ளும். ஆனால் மாட்டின் உடம்பு 38.5, வெளியே 41 என்றால்? அப்போது கதவு திரும்பித் திறக்கிறது. காற்று மாட்டைச் சூடாக்க ஆரம்பிக்கிறது. மின்விசிறி வாங்கி மாட்டிவிட்டு மாடு இன்னும் இரைக்கிறதே என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். காய்ந்த மாட்டின் மேல் விசிறி அனலைத்தான் வீசும். அந்த நேரத்தில் மிச்சமிருக்கிற ஒரே வழி ஈரம் ஆவியாவது. தோலிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு போகும். மாடு வியர்ப்பதும் நாக்கு நீட்டி இரைப்பதும் இதற்காகத்தான்.

இதில் எல்லோரும் தவறு செய்கிற இடம் ஒன்று. பனிமாதிரி தூறுகிற குழாயை மாட்டி, மாட்டின் ரோமத்தின் மேல் மட்டும் ஈரம் படிய விடுகிறார்கள். ரோமத்தை விரலால் பிரித்துப் பாருங்கள்: மேலே முத்து முத்தாகத் தண்ணீர், அடியில் தோல் காய்ந்திருக்கும். ரோமத்துக்கும் தோலுக்கும் நடுவில் சூடான காற்று மாட்டிக்கொண்டு, போர்வை போர்த்தின மாதிரி ஆகிவிடும். பெரிய துளியாக, தோல் வரைக்கும் இறங்குகிற மாதிரி ஊற்ற வேண்டும். கழுத்து, முதுகு, விலா இரண்டு பக்கமும். மடியில் வழிந்து தேங்க விடாதீர்கள், மடிநோய்க்கு அது வாசல். ஒன்றிரண்டு நிமிடம் நனைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் காற்றில் காயவிட்டு, மறுபடி நனைக்க வேண்டும். காய்கிற நேரத்தில்தான் குளிர்ச்சி. விசிறிக்கு இப்போதுதான் வேலை.

கொட்டாயைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுகிற வழக்கம் உண்டு. காற்று வருகிற ஒரு பக்கம் மட்டும் கட்டினால் நல்லது. நாலு பக்கமும் கட்டினால் வெக்கை போய்ப் புழுக்கம் வரும். நம் பேச்சிலேயே இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கிறது, காரணம் இல்லாமல் இல்லை. வெக்கையில் ஈரம் சட்டென்று காயும், உடம்பு ஆறும். புழுக்கத்தில் காற்றே ஈரத்தில் நிறைந்திருக்கும், வியர்த்தது வியர்த்தபடியே நிற்கும். 36 டிகிரிப் புழுக்கம் 40 டிகிரி வெக்கையை விட மாட்டைப் பாடுபடுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

கூரை விஷயம் சுருக்கமாக. ஷீட் வெயிலை மறைக்கும், அனலை மறைக்காது. அதுவே சூடேறி மேலிருந்து காய்ச்சும். நம்பாவிட்டால் மூன்று மணிக்குத் தலையில் துண்டில்லாமல் அதன் கீழ் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மேலே தென்னங்கீற்றோ கரும்புச் சோகையோ கனமாகப் பரப்புங்கள், முடியாவிட்டால் சுண்ணாம்பு அடியுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் ஓரத்தில் 8 அடியாவது உயரம் விட்டு, நீளவாக்கு கிழக்கு மேற்காக வருகிற மாதிரி கட்டுங்கள். கையில் காசே இல்லையென்றால் மரத்தடி. வேம்போ புங்கோ மாவோ, எந்த ஷீட்டும் அதற்கு ஈடில்லை. இலை தன் ஈரத்தை விட்டுத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும், அதனால் கீழே அனல் வீசாது.

எருமைக்குத் தனிப் பாடம்

என் மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றினால் "சூட்டுல ஊத்தாத, ஜன்னி வந்துடும்" என்று தடுக்கிற ஆள். (வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒன்றுக்கும் வரவில்லை.) ஆனால் எருமை விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. ஒருநாள் எருமையை வாளித் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "இன்னாமே அதுக்கு அபிஷேகம் பண்ணிக்கினு கீற? சேத்துல வுடு" என்றார்.

எருமைத் தோல் கறுப்பு, வெயிலை உறிஞ்சும். ரோமம் கொஞ்சம். வியர்வைச் சுரப்பியோ பசுமாட்டுக்கு இருப்பதில் சின்னப் பங்குதான். அதனால் அதுக்கு வெளியிலிருந்து ஈரம் வந்தாக வேண்டும். வாளித் தண்ணீர் அரைமணியில் காய்ந்துவிடும். சேறு அப்படியில்லை, மெதுவாகத்தான் ஈரத்தை விடும், அதற்குமேல் வெயிலுக்கும் ஈக்கும் ஒரு சட்டை. ஏரி வற்றிய வருஷம், போர் தண்ணீர் வழிகிற வாய்க்கால் முனையில் ஆள் நீளத்துக்குக் குழி வெட்டி, ஏரிக் களிமண்ணைக் கொட்டி மிதித்துவிட்டேன். இரண்டு முழம் ஆழம் போதும். ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும், ஏறி வரக் கால் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம், நாலு மணிக்கு ஒரு தரம். கறக்கும் முன் மடியை நன்றாகக் கழுவித் துடைக்க மறக்காதீர்கள்.

கோடையில் எருமை பருவத்துக்கு வந்தாலும் சத்தம் போடாது, ஊமைப் பருவம். ராத்திரியும் விடியற்காலையும் பின்பக்கம் கோழை மாதிரி வழும்பு தெரிகிறதா என்று பார்த்தால்தான் உண்டு.

பலமநேரில் இருக்கிற என் நாத்தனார் வீட்டில் இந்தப் பாடு எதுவும் கிடையாது. அது மலைமேல், எங்களை விட இரண்டு மூன்று டிகிரி எப்போதும் கம்மி. அதோடு அவர் வைத்திருப்பது புங்கனூர்க் குட்டை. இடுப்பு உயரம்கூட வராத மாடு. சின்ன உடம்பு என்றால் உள்ளே கிளம்புகிற சூடு கொஞ்சம், அதை வெளியே விடுகிற தோல் அந்த எடைக்கு அதிகம். நாட்டு மாடுகளுக்கே கழுத்தடியில் தொங்குகிற தோல் மடிப்பு, வழவழவென்ற குட்டை ரோமம், நிறைய வியர்வை எல்லாம் வெயிலுக்கென்றே அமைந்தவை. "வதினா, உன் மாட்டுக்கு வடதெப்ப தகிலிந்தா?" என்று வருஷா வருஷம் போனில் கேட்பார். வெயில் அடித்துவிட்டதா என்று அர்த்தம். குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும். அவர் மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று நானும் திருப்பிக் கேட்பேன்.

கோழி, ஆடு, நாய்

கோழிக்கு வியர்வையே கிடையாது. உடம்புச் சூடும் நம்மை விட அதிகம், 41-க்கு மேல். அதனால் அது செய்வது மூன்று: சிறகை உடம்பிலிருந்து விலக்கித் தூக்கிப் பிடிக்கும், கொண்டைக்கும் தாடிக்கும் ரத்தத்தை அனுப்பும், வாயைத் திறந்து தொண்டையைப் படபடவென்று ஆட்டும். கிட்டே குனிந்து பாருங்கள், கழுத்துத் தோல் நாடி துடிக்கிற மாதிரி அதிரும். இப்படி ஓயாமல் இரைத்தால் ரத்தத்தில் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) குறைந்துபோகும். முட்டை ஓடு கட்டுவதற்கு அது வேண்டும். மே மாதம் முட்டை ஓடு காகிதம் மாதிரி இருப்பதற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு மட்டும் காரணமில்லை. தண்ணீரில் சமையல் சோடா கலந்து கொடுப்பது இதற்குத்தான். அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மத்தியானம் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்காதீர்கள். பருந்துக்குப் பயந்து கவிழ்த்த என் பக்கத்து வீட்டில் ஒரே மத்தியானத்தில் நாலு கோழி போனது. துரத்திப் பிடிக்கிற வேலையும் அப்போது வேண்டாம். மண்சட்டியில் தண்ணீர், நிழலில், இரண்டு மூன்று இடத்தில். தானியம் விடியலிலும் பொழுது சாய்ந்தும். சாம்பல் கலந்த மண்ணை ஒரு மூலையில் நனைத்து வைத்தால் தானே பள்ளம் பறித்து வயிற்றை அதில் அழுத்திப் படுத்துக்கொள்ளும்.

ஆடுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வெள்ளாடு சமாளித்துக்கொள்ளும். செம்மறிகள் வெட்டவெளியில் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நின்றால், அங்கே நிழல் இல்லை என்று அவை உங்களுக்குச் சொல்கின்றன என்று எடுத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டு வாருங்கள்.

நாய்க்கு வியர்ப்பது பாத மெத்தையில் மட்டும். மற்றதெல்லாம் நாக்கு வேலை. மூக்கு சப்பையான பக் மாதிரி ஜாதி நாய்களுக்கு இரைக்கவே வழி குறுகல், மத்தியானத்தில் அவற்றை நடக்கக்கூட விடாதீர்கள். எங்கள் நாய் தொட்டிக்கடியில் ஈர மண்ணைப் பறித்து நாலு காலையும் விரித்துப் படுக்கும். அணிலும் மதில் நிழலில் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நீங்கள் கொட்டாயை ஈரமாக வைத்தால் பாம்பும் அதே குளிர்ச்சிக்கு வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதுக்கு உள்ளே அடுப்பு கிடையாது, இடம் மாறித்தான் சூட்டைச் சரிசெய்யும். ராத்திரி வைக்கோல் எடுக்கும் முன் டார்ச் அடியுங்கள். கௌண்டின்யா காட்டு யானைகள் எங்கள் பக்கத் தோட்டங்களுக்கு வரும்போது கரைத் தண்ணீரையும் சேற்றையும் முதுகில் வாரிப் போட்டுக்கொண்டு, ரத்தக் குழாய் நிறைந்த காதை விசிறி விசிறி நிற்கும். அதற்கு மட்டும் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, வழியை விட்டால் போதும்.

விழுந்துவிட்டால்

வாய் பிளந்து, தள்ளாடி, தெர்மாமீட்டரில் 106-க்கு மேல் காட்டினால் முதல் வேலை தண்ணீர், இரண்டாவது வேலை போன். டாக்டருக்கோ, 1962 என்ற எண்ணில் கூப்பிடுகிற கால்நடை ஆம்புலன்ஸுக்கோ ஒருவர் பேசட்டும், மற்றவர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். வண்டி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிற இடத்திலேயே நிழல், இருக்கிற தண்ணீரே போதும், ஐஸ் தேடி ஓட வேண்டாம். மாட்டுக்கு உடம்பு முழுக்க. நாய்க்கு வயிறு, அக்குள், தொடையிடுக்கு, பாதம். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், அதுவும் சீக்கிரமே சூடேறிப் போர்வையாகிவிடும். ஊற்றி, விசிறி, மறுபடி ஊற்றி. தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. இரைக்கிற மாட்டுக்கு அது நுரையீரலுக்குப் போய்விடும். முன்னால் வையுங்கள், தானே குடித்தால் குடிக்கட்டும். 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், அதற்குப் பிறகும் சூடு தானாகவே கொஞ்சம் இறங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மறுபடி தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்; எழுந்து நின்றுவிட்டது என்பதற்காக டாக்டரை வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அக்னி முடிந்த முதல் மழை பெய்ததும் எல்லோரும் சாக்கை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு விசிறியையும் நிறுத்துவார்கள். சாக்கை எடுங்கள், விசிறியை நிறுத்தாதீர்கள். மழை விட்டு வெயில் வந்த மறுநாள்தான் புழுக்கம். அன்றைக்கும் இரண்டு மணிக்குப் போய் நின்று எண்ணுங்கள்.